அமெரிக்காவில் ஆன்டெனாவில் இலவசமாக வரும் சேனலுக்கு கேபிளில் ஏன் கட்டணம்?

விளம்பர வருமானம் மட்டும் போதாது என்று டிவி நிலையங்கள் நினைத்ததுதான் காரணம். 1992 கேபிள் சட்டம் அவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு வழி தந்தது. கேபிள்காரரிடம் “கட்டாயம் காட்டு” என்றால் காசு கேட்க முடியாது. ஆள் பார்க்காத சின்ன நிலையங்களுக்கு அதுவே பெரிது. “என் சம்மதம் வேண்டும்” என்றால் பேரம் பேசலாம். பேரம் முறிந்தால் சேனல் இருண்டுவிடும், அதுவும் அமெரிக்க ஃபுட்பால் சீசனில்! கேபிள்காரர் இறங்கி வராமல் என்ன செய்வார்? கொடுத்த காசை நம் பில்லில் ஏற்றிவிடுவார்.

ஏரியோ நிறுவனம் சந்தாதாரருக்கு ஆளுக்கொரு குட்டி ஆன்டெனா ஒதுக்கி, அந்தக் காசைக் கட்டாமலே இணையத்தில் சேனல்களைக் காட்டியது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 2014இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற நீதிபதிகள் வாக்கில் அதைத் தடுத்துவிட்டது. சொந்த ஆன்டெனா வைத்தால் இன்றும் இலவசம்தான்.