பலூனில் இருப்பதும் ஆல்ஃபா துகளும் ஒன்றா?

கேள்வி: ரேடியம் சிதையும்போது வெளிவரும் ஆல்ஃபா துகள் ஹீலியத்தின் அணுக்கருதான் என்கிறாள் பிளஸ் டூ படிக்கும் என் மகள். அப்படியென்றால் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அவளுக்கு நான் வாங்கித் தந்த பலூனில் இருந்ததும் அதுதானா? ஒன்றே என்றால், ஒன்று ஆபத்தாகவும் மற்றொன்று விளையாட்டுப் பொருளாகவும் இருப்பது எப்படி?
– ஒரு வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் இறுகப் பிணைந்த கட்டுதான் ஆல்ஃபா துகள். ஹீலியம்-4 அணுவின் கருவும் அதுவே. வேறுபாடு வேகத்திலும் எலக்ட்ரான்களிலும் இருக்கிறது. ரேடியம்-226 அணுவிலிருந்து ஆல்ஃபா துகள் வினாடிக்கு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. வழியில் எதிர்ப்படும் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிந்து கொண்டே செல்வதால் அதன் ஆற்றல் விரைவில் தீர்ந்து, காற்றில் சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் நின்றுவிடுகிறது. ஒரு தாளே அதைத் தடுத்துவிடும். ஆனால் மூச்சோடும் உணவோடும் கதிரியக்கப் பொருள் உடலுக்குள் போய்விட்டால், அந்தச் சிறு தொலைவுக்குள் அகப்படுபவை நம் உயிரணுக்களே. ஆபத்து என்பது அதுதான்.

வேகம் அடங்கிய துகள், சுற்றியுள்ள பொருளிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பற்றிக்கொண்டு, எதனோடும் சேராத சாதுவான ஹீலியம் அணுவாகிவிடுகிறது. கணக்கும் பிசகுவதில்லை: 88 எலக்ட்ரான்கள் கொண்ட ரேடியம், 86 மட்டுமே தேவைப்படும் ரேடானாக மாறும்போது இரண்டு எலக்ட்ரான்கள் மிச்சமாகின்றன.

இதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தவர்கள், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆய்வு செய்த இயற்பியலாளர்கள் ரூதர்ஃபோர்டும் ராய்ட்ஸும். அவர்களுடைய சோதனையை நான் எத்தனை முறை படித்தாலும் வியப்பு குறைவதில்லை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்புள்ள கண்ணாடிக் குழாயில், ரேடியத்தைப் போலவே ஆல்ஃபா துகள்களை உமிழும் ரேடான் வாயுவை அடைத்து, அதைக் காற்று நீக்கிய மற்றொரு குழாய்க்குள் வைத்தார்கள். ஆல்ஃபா துகள்கள் அந்த மெல்லிய சுவரை ஊடுருவும்; வாயுவால் முடியாது. வெளிக்குழாயில் சேர்ந்ததைப் பாதரசத்தால் மேலே தள்ளி, மின்பொறி பாய்ச்சி, எழும் ஒளி நிறம் நிறமாகப் பிரிந்த நிறமாலையைப் பார்த்தபோது, இரண்டே நாளில் ஹீலியத்தின் அடையாளமான மஞ்சள் கோடு தெரிந்தது. ஆறு நாள் கழித்து முக்கியமான கோடுகள் எல்லாமே தெரிந்தன. ரேடானுக்குப் பதில் ஹீலியத்தையே உள்ளே அடைத்துப் பார்த்தபோது அது வெளியே கசியவில்லை. ஆகவே வந்து சேர்ந்தவை ஆல்ஃபா துகள்களே. 1909-இல் வெளியான இந்த முடிவில், அக்குழாயை ஊதித் தந்த கண்ணாடிக் கைவினைஞர் பௌம்பாக்கின் பங்கு சிறிதன்று.

பலூன் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தெருவில் விற்பவை பலவற்றில் இருப்பது மலிவான, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன். ஆகவே வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையிலேயே ஹீலியம் என்றால், அது இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுத்தது. பாறைகளிலுள்ள யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உமிழ்ந்த ஆல்ஃபா துகள்களே அடங்கி, எரிவாயுவோடு நிலத்தடியில் தேங்கி, அந்தப் பலூன்வரை வந்திருக்கின்றன.