பனிமூட்டமும் பச்சைத் தேயிலையும்: கோத்தகிரி அம்மாவுக்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. சனிக்கிழமை நீங்கள் கேட்டுவிட்டுப் போன கேள்வி இது: "பி.எஸ்சி. கணிதம் முடிக்கப்போகிற என் மகள் வங்கித் தேர்வு எழுத மாட்டேன், காம்ப்ளெக்சிட்டி தியரி படித்து கம்பெனிகளுக்கு வியூகம் சொல்வேன் என்கிறாள். இது சோறு போடுமா?" சிக்கலைக் காசு கொடுத்துப் படிப்பானேன் என்று அவள் அப்பா சிரித்ததும் நினைவிருக்கிறது.

அந்தப் பெயரில் வேலை விளம்பரம் எதையும் நான் பார்த்ததில்லை. அதற்காக விஷயம் வெற்றுப் பேச்சு என்றாகிவிடாது. ஒன்றையொன்று பாதிக்கும் பல முடிவுகள் சேர்ந்து என்ன விளைவைத் தருகின்றன என்று பார்ப்பதுதான் இந்த காம்ப்ளெக்சிட்டி தியரி. உயிரியலாளர் ஸ்டூவர்ட் காஃப்மன் உருவாக்கிய 'மேடுபள்ள நிலப்பரப்பு' மாதிரியை 1997-இல் நிர்வாகவியல் ஆய்வாளர் டேனியல் லெவிந்தால் நிறுவனங்களுக்குப் பொருத்திக் காட்டினார். மலைக்காரர்களுக்கு அது உடனே பிடிபடும்: உயரம்தான் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிமூட்டத்தில் மேட்டைப் பார்த்தே நடப்பவர், ஓர் உச்சி வந்ததும் நின்றுவிடுகிறார். பனி விலகினால்தான் அதைவிட உயரமான தொட்டபெட்டா சிகரம் எதிரே நிற்பது தெரிகிறது. அங்கே ஏற, முதலில் இறங்கியாக வேண்டும். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. தூளில் பழகிய தொழிற்சாலை, இலையை உருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு மாறத் தயங்குவது இதனால்தான்: புது இயந்திரம், புது வியாபாரி, சில காலம் வரவும் குறையும்.

உங்கள் தோட்டத்தையே பாருங்கள். பச்சைத் தேயிலை விலை இறங்கினால் கூலி கட்டாது. இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளாமல் கத்தரியால் வெட்டுகிறோம். முற்றிய இலை கலந்தால் தூளின் தரம் கெடுகிறது, குன்னூர் ஏலத்தில் விலை இன்னும் இறங்குகிறது. நீங்கள் மட்டும் நல்ல இலை கொடுத்தாலும், எல்லோருக்கும் ஒரே விலை என்றால் நட்டம் உங்களுக்குத்தான். யாரும் கெட்டவரில்லை, ஆனாலும் எல்லோரும் சேர்ந்து இறங்குகிறோம். இதைக் கணக்காக்கிப் பார்க்கத் தெரிந்தவர்கள் விநியோகம், விலை நிர்ணயம், நிர்வாக ஆலோசனை ஆகிய துறைகளுக்குத் தேவை.

ஆகவே பட்டப்படிப்பை முடிக்கட்டும். புள்ளியியலும் பைத்தான் நிரலாக்கமும் கட்டாயம். அதன்பிறகு கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி நிர்வாகப் படிப்புக்குப் போகலாம். ஆராய்ச்சிதான் பிடிக்கிறது என்றால், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் இந்தத் துறையில் ஆய்வு நடக்கிறது. 'காம்ப்ளெக்சிட்டி' என்று பெயர் போட்ட மூன்று மாதச் சான்றிதழுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். வங்கித் தேர்வையும் பகையாக நினைக்க வேண்டாம். எழுதி வைப்பதில் தவறில்லை.

அடுத்த முறை வரும்போது இலை எடையும் விலையும் குறித்து வைத்திருக்கும் நோட்டுகளைக் கொண்டுவாருங்கள். எத்தனை வருடத்து நோட்டு இருந்தாலும் சரி. அவளுக்கு முதல் பயிற்சியை அதிலிருந்தே கொடுக்கிறேன்.