ஆகாயத்தில் ஒரு மணித்தியாலம், மலை இறங்க ஐந்து: விமானப் பயண நேரம் பற்றிய கேள்வி பதில்

ஹட்டன் டவுனில் விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். தூரம், நேரம் பற்றி நம்மவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கொட்டகலை: அண்ணே, திருச்சிக்கு ஒரு மணித்தியாலம் என்று டிக்கெட்டில் இருக்கிறதே, உண்மையா?

உண்மைதான் தம்பி. கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து திருச்சி நேர்கோட்டில் ஏறத்தாழ 415 கி.மீ. விமானம் இங்கே நகரத் தொடங்கி அங்கே போய் நிற்கும் வரைக்கும்தான் அந்த ஒரு மணித்தியாலம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதற்குள் அடக்கம். பெல்ட்டைக் கழற்றி நிமிர்வதற்குள் மறுபடி மாட்டச் சொல்லிவிடுவார்கள்.

உங்களுக்குப் பிரச்சினை தரையில்தான். ஹட்டனிலிருந்து கட்டுநாயக்க, காகம் பறந்தால் 85 கி.மீ. வீதியில் 140 கிட்ட வரும். கினிகத்தேனை வளைவுகள், கித்துல்கலை, அப்புறம் அவிசாவளை நெரிசல் என்று வேனில் நாலரை, ஐந்து மணித்தியாலம் போய்விடும். மழையோ பனிமூட்டமோ என்றால் இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணித்தியாலம் முன்பே மூடிவிடுவார்கள். மூன்று மணித்தியாலம் முன்னதாகப் போய் நிற்பது நல்லது. காலை 10 மணி விமானம் என்றால் இரவு 1 மணிக்கு வேன் வாசலில் நிற்க வேண்டும். 'ஒரு மணித்தியாலப் பயணம்தானே' என்று விடிந்த பிறகு கிளம்புகிறவர்களை என்ன சொல்ல!

தலவாக்கலை: மகன் டுபாய்க்கு மாலை 6 மணிக்கு ஏறி இரவு 9 மணிக்கு இறங்கினான். திரும்பி வர மட்டும் ஐந்தரை மணித்தியாலம் காட்டுகிறதே?

அக்கா, டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். டுபாய் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தி. போகும்போது அதைக் கூட்டுங்கள், நாலரை. வரும்போது கழியுங்கள், நாலு. மிச்சமுள்ள அரை மணித்தியால வித்தியாசம் பெரும்பாலும் காற்றின் வேலை. குளிர்கால மாதங்களில் அந்தப் பாதையில் மேலே மேற்கிலிருந்து பலமாக வீசும்; கிழக்கே வருகிற விமானத்தை அது தள்ளிவிடும். தூரம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், 3,300 கி.மீ. போல. இந்தியாவுக்கு இந்தக் குழப்பம் இல்லை. 2006 ஏப்ரலிலிருந்து அவர்கள் மணியும் நம் மணியும் ஒன்று.

பண்டாரவளை: சென்னைக்கு யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம்தான் கிட்டவாமே?

கிட்டத்தான். பலாலியிலிருந்து 355 கி.மீ., கட்டுநாயக்கவிலிருந்து 645. ஆனால் பலாலியில் ஓடுவது விசிறி வைத்த ஏடிஆர் விமானம், மணிக்கு 500 கி.மீ. சொச்சம்தான் போகும். ஜெட் 800-ஐத் தாண்டும். அதனால் டிக்கெட்டில் இரண்டுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே. வவுனியாக்காரருக்குப் பலாலி லாபம். நீங்கள் மலை இறங்கி ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் வரை போவது வீண் அலைச்சல்.

பொகவந்தலாவை: 12ஆம் திகதி 00:30 விமானத்துக்கு எப்போது கிளம்ப?

11ஆம் திகதி பகல் 2 மணிக்கு. 12ஆம் திகதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிதாக +1 என்றிருந்தால் அது அடுத்த நாள். அழைத்துவர வேன் பிடிப்பவர்கள் அதையும் பாருங்கள்.

நோர்வூட்: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விமானம் இறங்கியதே, அதில் போக முடியாதா?

அது தண்ணீரில் இறங்கும் சிறு விமானம். கட்டுநாயக்கவுக்கு அரை மணித்தியாலம் போலத்தான். உல்லாசப் பயணிகளுக்கு என்று வந்தது, விலையும் அப்படித்தான். உங்கள் இரண்டு சூட்கேஸையும் அதில் ஏற்றவும் மாட்டார்கள். வேனையே பேசி வையுங்கள்.