வண்ணார்பேட்டை இன்சூரன்ஸ் வேற, பிராம்ப்டன் இன்சூரன்ஸ் வேற

தம்பி, "அண்ணாச்சி, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில ரெண்டு வருஷம் வண்டி இன்சூரன்ஸ் போடுற ஆபீஸ்ல இருந்தேன். கனடாவுக்கு, பிராம்ப்டன் வந்து மூணு மாசம் ஆச்சு. இங்கயும் கார் இன்சூரன்ஸ் கஸ்டமர் சர்வீஸ், சேல்ஸ் வேலைக்குப் போகலாமா, என் இங்கிலீஷ் உதைக்குமா?"ன்னு கேட்டிருந்தீங்க. இங்கிலீஷ் உதைக்காது. அங்க பழகின இன்சூரன்ஸ்தான் உதைக்கும்.

நம்மூர்ல வண்டியைப் பார்த்துப் போடுவோம். தேர்டு பார்ட்டிக்கு அரசு வச்ச ரேட்டு. 2022 அறிவிப்புப்படி 1000 சிசிக்குள்ள இருக்கிற காருக்கு 2,094 ரூபாய், அதுக்கு மேல வரி. லைசென்ஸ் உள்ள எந்த மச்சான் ஓட்டினாலும் பாலிசி நிக்கும். பிராம்ப்டன் இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்துல ஓட்டுற ஆளையும் எடை போடுவாங்க: வயசு, லைசென்ஸ் ஜி2-வா (இடைநிலை) ஜி-யா (முழுசு), போலீஸ் போட்ட டிக்கெட், பழைய விபத்து, வண்டி ராத்திரி நிக்கிற தபால் குறியீடு. அதனால நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, "அந்த வீட்ல லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க யார் யார்?" பேஸ்மென்ட்ல சித்தப்பா பையன் இருப்பான். "அவன் எப்பவாச்சும்தான் எடுப்பான்"னு சொல்வாங்க. அந்த எப்பவாச்சும்லதான் இடிப்பான். மறைச்சது தெரிஞ்சா சொந்த வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைக்காமப் போகலாம், பாலிசியும் ரத்தாகலாம். பேரைக் கேட்டு எழுதுங்க. என்ன பதில் சொன்னாங்கன்னும் குறிப்புல போடுங்க. ஊபர் ஓட்டுறாங்களான்னும் இதோட சேர்த்துக் கேட்டுருங்க.

இன்சூரன்ஸ் விக்கிற லைசென்ஸ் இல்லாம ரேட்டு சொல்லவோ யோசனை சொல்லவோ கூடாது. புரோக்கர் ஆபீஸ்னா ரிபோ, அதாவது ஒன்டாரியோ புரோக்கர்களைப் பதிவு பண்ற அமைப்போட தேர்வு, 75 சதவீதம் எடுத்தாத்தான் பாஸ். ஒரே கம்பெனியோட ஏஜென்டுன்னா ஓடிஎல், அதாவது ஆயுள் இன்சூரன்ஸ் தவிர்த்த மத்ததுக்கான லைசென்ஸ். ரெண்டுக்கும் ஓஏபி 1-ங்கிற அடிப்படை பாலிசியை வரிவரியாப் படிங்க.

அதுல ஆளுகளுக்குப் புரியாத இடம் டிசிபிடி. இடிச்சது அடுத்தவன், ஆனா உங்க வண்டிக்குப் பணம் தர்றது உங்க கம்பெனி. "அவன்தானே இடிச்சான், நான் ஏன் என் இன்சூரன்ஸைத் தொடணும்?"னு சத்தம் போடுவாங்க. எதுத்துப் பேசாதீங்க. தப்பு யார் பேர்லன்னு அரசு விதிப்படி முடிவாகும், தப்பு இல்லேன்னா பிரீமியத்துக்கு அடி இல்லன்னு பையச் சொல்லுங்க. ஆனா "பணம் கண்டிப்பா கிடைக்கும்"னு மட்டும் வாயைத் திறந்திராதீங்க. அது சேதத்தைப் பார்த்து முடிவு பண்ற அட்ஜஸ்டர் சொல்ல வேண்டியது. போன்ல பேசுறது எல்லாம் பதிவாகுது.

கட்டாய லயபிலிட்டி, அதாவது நம்மால அடிபட்டவங்களுக்கு இன்சூரன்ஸ் குடுக்கிற பணம், 2,00,000 டாலர்தான். ஆள் அடிபட்ட விபத்துன்னா அது எந்த மூலைக்கு? பத்து லட்சம், இருபது லட்சம்னு ரெண்டு ரேட்டையும் பக்கத்துல வச்சுக் காட்டுங்க. வித்தியாசம் பெரும்பாலும் கொஞ்சம்தான். கூடவே 44ஆர்-ங்கிற கூடுதல் பாதுகாப்பு. எதிராளி குறைச்சலா இன்சூரன்ஸ் வச்சிருந்தா நம்ம ஆளைக் காப்பாத்துறது அது. வின்டர் டயர் தள்ளுபடியை 2016-ல இருந்து எல்லா கம்பெனியும் தரணும், ஆனா கேக்காம விட்டுட்டா யாருக்கும் விழாது. சேல்ஸ்னா இவ்வளவுதான். வாடகை வீட்டு இன்சூரன்ஸைச் சேர்த்து விக்கச் சொல்லி டார்கெட் வரும், அது பழகிரும்.

தப்பு அதிகம் நடக்கிறது எழுத்துலதான். வண்டியோட அடையாள எண்ணான வின் நம்பர் 17 எழுத்து. அதுல ஐ, ஓ, கியூ வரவே வராது, அப்படிக் காதுல விழுந்தா அது ஒண்ணு, இல்ல சைபர். நம்ம காதுக்கு B, P ரெண்டும் ஒண்ணுபோல விழும். B-க்கு பிராவோ, P-க்கு பாப்பா: "பிராவோவா, பாப்பாவா?"ன்னு கேட்டு உறுதி பண்ணுங்க. பாம்பே, பாண்டிச்சேரி எல்லாம் இங்க செல்லாது.

தமிழ்ல பேசத் தெரியும்னு விண்ணப்பத்துல எழுதுங்க. ஸ்கார்பரோ பக்கத்து ஈழத்து ஆட்கள் "காப்புறுதி"ன்னுதான் சொல்வாங்க. அந்தச் சொல்லையே நீங்களும் எடுத்துக்கோங்க. நம்மூர் ஆள் கிடைச்சா ஒரு சிக்கல் உண்டு. "தம்பி பாளையங்கோட்டையா? அப்ப அட்ரஸை மட்டும் கிங்ஸ்டன்ல இருக்கிற எங்க அத்தான் வீடுன்னு போட்டுக்கோ, ரேட்டு குறையும்லா"ம்பாங்க. "வண்டி ராத்திரி எங்க நிக்குதோ அதைத்தான் அண்ணாச்சி போட முடியும்"னு சொல்லிட்டு, டிடக்டிபிளை, அதாவது சேதத்துல அவங்க கைக்காசு போடுற பங்கை, 500 டாலர்ல இருந்து 1,000 ஆக்கினா எவ்வளவு குறையும்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க.