ஏற்காடு: 300 சந்தனக் கன்றுக்கு ஒரே மரத்து விதை போதுமா?

போதாது. உங்கள் காப்பித் தோட்டத்துப் பெரிய மரத்தில் மட்டும் விதை எடுத்தால் 300 கன்றும் ஒருதாய்ப் பிள்ளைகள். சந்தனம் பெரும்பாலும் பூச்சிகள் வழியே அயல் மகரந்தம் பெறுவது. பின்னாளில் உடன்பிறப்புகளுக்குள்ளேயே கலந்தால் காய்ப்பு குறையும், நாற்று சோரும். ஸ்பைக் நோய் (இலை சிறுத்து மரமே பட்டுப்போகும் நோய்) வந்தால் தாக்குப்பிடிக்கும் மரம் மிஞ்சுவதும் சந்தேகம்.

குறைந்தது 25, 30 மரம் தேடுங்கள், ஒன்றுக்கொன்று 100 மீட்டராவது தள்ளி. (சந்தனம் வேரிலிருந்தும் துளிர்க்கும், பக்கத்தில் நிற்பது அதே மரமாகவே இருக்கலாம்.) காப்புக்காட்டில் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கேட்டு வாங்குவது சுலபம். மரத்துக்கு மரம் தனிப் பை, தனிச் சீட்டு. கடைசியில் மரத்துக்குப் பத்து, பன்னிரண்டு கன்று. நன்றாக முளைத்த இரண்டு மரத்துக் கன்றுகளைக் கொண்டே எண்ணிக்கையை நிரப்பிவிட்டால் அலைந்ததெல்லாம் வீண்.

கருத்துப் பழுத்த பழத்தின் சதையைத் தேய்த்துக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். புது விதை இரண்டு மாதம்போல உறங்கும். அவசரமென்றால் லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஜிப்ரலிக் அமிலக் (முளைப்பைத் தூண்டும் மருந்து) கரைசலில் ஓர் இரவு ஊறட்டும். மணல் பாத்தியில் முளைத்து நாலிலை விட்டதும் பைக்கு மாற்றி, கூடவே ஒரு துவரை விதை ஊன்றுங்கள். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றிச் சத்தை உறிஞ்சுவது; பற்ற வேர் கிடைக்காவிட்டால் மஞ்சளித்து நின்றுவிடும். துவரை மேலே மூடினால் கத்தரித்துவிடுங்கள்.