15 வயதைத் தொடும் கார்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

கேள்வி: 2011 செப்டம்பரில் பதிவான வேகன்ஆர் எல்எக்ஸ்ஐ வைத்திருக்கிறோம். 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இப்போது ஆண்டுக்கு 7,000 கி.மீ. தாண்டுவதில்லை. கிளட்ச், முன்பக்க சஸ்பென்ஷன், நான்கு டயர், பேட்டரி, ஏசி கம்ப்ரஸர் என எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். விற்றால் ஒரு லட்சம்கூடத் தேறாத வண்டிக்கு இவ்வளவு செலவு செய்யலாமா? – தூத்துக்குடி வாசகர்

பதில்: ‘ஒரு லட்சம் பெறாத வண்டிக்கு 62,000 ரூபாயா’ என்றுதான் பெரும்பாலானவர்கள் கணக்குப் போடுகிறார்கள். வண்டியை விற்கப் போகிறவருக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். வைத்து ஓட்டப் போகிறவர் இந்த 62,000 ரூபாயை ஒப்பிட வேண்டியது, புது வண்டி ஓராண்டுக்கு இழுக்கும் செலவோடு.

ஆன்ரோடு 7 லட்சம் ரூபாய்க்கு ஒரு சின்ன கார் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சம் கையிலிருந்து, 5 லட்சம் கடன். 9 சதவீத வட்டியில் 5 ஆண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 10,380 ரூபாய். மொத்த வட்டி மட்டும் 1.23 லட்சம். ஐந்தாண்டு கழித்து அது 3.5 லட்சத்துக்கு விலைபோனால், மதிப்பில் 3.5 லட்சம் இழப்பு. இரண்டையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 94,000 ரூபாய்க்கு மேல். புது வண்டியின் இன்சூரன்ஸ் இதில் சேரவில்லை.

மைலேஜில் மிச்சம் பிடிக்கலாம் என்பது ஷோரூமில் சொல்லும் வார்த்தை. உங்கள் வண்டி லிட்டருக்கு 14 கி.மீ., புது வண்டி 18 கி.மீ. கொடுத்தாலும், 7,000 கி.மீ. ஓட்டத்தில் மிச்சமாவது ஆண்டுக்கு 111 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்றால் சுமார் 11,000 ரூபாய். அதற்காக யாரும் கார் மாற்ற வேண்டாம். பழுது பார்த்த வண்டி பெரிய தொல்லை இல்லாமல் இரண்டு ஆண்டு ஓடினாலே உங்கள் 62,000 ரூபாய் வசூலாகிவிடும்.

ஆனால் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் கடற்கரை. உப்புக் காற்றில் 15 வருடம் நின்ற வண்டியின் தலைவிதியைத் தீர்மானிப்பது எஞ்சின் இல்லை, அடிப்பாகத் தகரம். வண்டியை லிஃப்டில் ஏற்றி நீங்களும் கூடவே நின்று பாருங்கள். கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி வடிவ விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், முன் லோயர் ஆர்ம் போல்ட் ஏறும் இடம், பின் ஆக்ஸிலின் கை பாடியோடு சேரும் இடம், பானெட்டுக்குள் ஷாக் அப்சார்பரின் தலை உட்காரும் கிண்ணம், பிரேக் குழாய்கள். பழைய ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று கேட்கும். மங்கிய ஓசை வந்தால் நுனியால் அழுத்துங்கள். செதில் செதிலாக உதிர்ந்தாலோ நுனி உள்ளே இறங்கினாலோ அங்கே தகரம் போய்விட்டது என்று அர்த்தம். மேலாகப் படிந்த பழுப்பு நிறத் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து நிறுத்திவிடலாம். ஓட்டை விழுந்த துருவின் மேல் தகடு ஒட்டி, பட்டி பூசி, அண்டர்கோட் அடித்துத் தந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும், மோதலில் தாங்காது. சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களில் அப்படி இருந்தால் புது டயர்கூட வாங்காதீர்கள், வண்டியை மாற்றுங்கள்.

தகரம் நன்றாக இருந்தால் அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடித்து, மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் பார்ப்பார்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் நல்லது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் சந்தேகம். உங்கள் கே10 எஞ்சினில் இருப்பது டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு இல்லை.

இரண்டும் தேறிவிட்டால் முதலில் டயரும் சஸ்பென்ஷனும், பிறகு கிளட்ச். பேட்டரி, ஏசி கம்ப்ரஸர் கடைசியில். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் (டயரின் மேல் உள்ள மேடுகள்) தேயாமலே ரப்பர் கெட்டுவிடும். ஆறு வயது தாண்டிய டயரை, பட்டன் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ஆர்சி 2026 செப்டம்பரில் முடிகிறது. முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் ஃபாரம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியை ஆர்டிஓ ஆபீஸில் காட்டினால் 5 ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். 2022 ஏப்ரலிலிருந்து காருக்கான கட்டணம் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. தள்ளிப் போட்டால் மாதாமாதம் கூடுதல் கட்டணம் ஏறும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஆர்சி முடிந்த வண்டி விபத்தில் சிக்கினால் க்ளெய்மை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அதுவே போதும்.

வண்டி எல்லாச் சோதனையிலும் தேறினாலும் மாற்றச் சொல்வதற்கு எங்களிடம் ஒரே ஒரு காரணம் உண்டு. உங்கள் எல்எக்ஸ்ஐயில் ஏர்பேக்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. இந்தியாவில் விற்கும் எல்லா கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது அதற்கும் பிறகுதான். ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போகும் வண்டி என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் மதுரை போய் வருகிறீர்கள் என்றால், மேலே போட்ட பணக் கணக்கை மறந்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: 10 வருட டீசல் வண்டியை இனி ஓட்டவே முடியாது, இப்போதே கொடுத்துவிடுங்கள் என்று புரோக்கர் அவசரப்படுத்துகிறார். என்னுடையது 2012 ஸ்விஃப்ட் டீசல். – மதுரை வாசகர்

பதில்: அது டெல்லி தலைநகர வட்டாரத்துக்கு வந்த கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் 10 வருடம் ஆனதாலேயே டீசல் கார் ஓடக் கூடாது என்று விதி இல்லை. 15 வருடத்தில் ஆர்சியைப் புதுப்பித்து ஓட்டலாம். பயத்தில் விற்றால் விலைதான் அடிபடும். தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் அடுத்த வண்டியாக பிஎஸ்6 மாசு விதிக்கு ஏற்ற டீசல் எடுக்க வேண்டாம். அதன் புகைக்கரி வடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் தேவை.

கேள்வி: இ20 பெட்ரோலால் 2014 மாடல் காரை மாற்ற வேண்டி வருமா? – ஈரோடு வாசகர்

பதில்: அதற்காக மாற்ற வேண்டியதில்லை. இ20 என்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் மைலேஜ் இறங்கத்தான் செய்யும். பழைய வகை கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. கவனிக்க வேண்டியது ரப்பர் பாகங்கள். பெட்ரோல் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங், டேங்க் பம்பின் வாஷர் ஆகியவற்றை ஒவ்வொரு சர்வீஸிலும் விரலால் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்போ ஊதலோ தெரிந்தால் உடனே மாற்றுங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடித்தால் மறுநாள்வரை தள்ளிப் போடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: பழைய காரை ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் கொடுப்பதா, வெளியே விற்பதா? – திருச்சி வாசகர்

பதில்: ‘எக்ஸ்சேஞ்ச் போனஸ்’ என்ற பெயரில் இரண்டு கணக்கை ஒன்றாகக் குழப்புவார்கள். பழைய வண்டியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் புது வண்டிக்கு எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். பிறகு பழைய வண்டிக்கு மட்டும் தனியாக விலை கேளுங்கள். வெளியில் இரண்டு இடத்தில் கேட்ட விலையோடு ஒப்பிட்டால் போனஸ் நிஜமா என்பது தெரிந்துவிடும்.

யாரிடம் கொடுத்தாலும் பேர் மாறும்வரை பொறுப்பு உங்களுடையது. ஆர்சியில் பெயர் இருப்பவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெயர் மாற்றத்துக்கான வெற்று ஃபாரம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். தனியாருக்கு விற்றால் 14 நாளுக்குள் நீங்களே ஆர்டிஓவுக்குத் தகவல் கொடுங்கள். டீலரிடம் விட்டால் அவர் ஆர்டிஓவின் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். பெற்றவர் என்றால் ஃபாரம் 29சி வழியாக ஒப்படைப்பைப் பதியச் சொல்லுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அப்படிப் பதிந்தால் பொறுப்பு டீலருக்குப் போய்விடும். கடன் முடிந்தும் ஆர்சியில் வங்கி பெயர் நிற்கிறதா? வங்கியின் தடையில்லாச் சான்றும் (என்ஓசி) ஃபாரம் 35-ம் கொடுத்து முதலில் அதை நீக்குங்கள்.

பலரும் கோட்டைவிடுவது நோ க்ளெய்ம் போனஸ் (என்சிபி). ஐந்து ஆண்டு க்ளெய்ம் இல்லாதவருக்கு சொந்த சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. அது வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சேர வேண்டியது. விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் என்சிபி சான்றுக் கடிதம் வாங்கினால் 3 ஆண்டுக்குள் எடுக்கும் அடுத்த காருக்கு அது செல்லும். ஷோரூம் சொல்லும் இன்சூரன்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கேள்வி: புதிதுக்குப் பதில் 4 வயது கார் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்? – சென்னை வாசகர்

பதில்: விலையிலிருந்து தொடங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. விற்பவர் தான் அன்று கொடுத்த விலையிலிருந்து கழித்துச் சொன்னால் ஏற்காதீர்கள். அதே மாடலின் இன்றைய புது விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். பழைய காருக்குக் கடன் வட்டியும் அதிகம் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றதா என்று பார்த்தே ஆக வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும், அதை யாரும் துவைப்பதில்லை. சீட் தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி குழியில் மண், கார்பெட்டைத் தூக்கினால் ஈர வாடை, டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கனெக்டர்களில் பச்சைப் படிவு ஆகியவற்றைத் தேடுங்கள். இவற்றில் இரண்டு தென்பட்டால் விலை பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

வண்டியைக் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்; நீங்கள் வரும்முன் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். சேசிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் ஆர்சியோடு ஒப்பிடுங்கள். எத்தனையாவது ஓனர், நிலுவை அபராதம், கடன் பதிவு ஆகியவற்றை எம்பரிவாகன் செயலியில் பார்க்கலாம். முன் மட்கார்டு, பானெட் போல்ட்டுகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் அவை ஒருமுறை கழன்று மாட்டியவை. ஏன் என்று கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.