உரத்தொட்டி நாறினால் பவுடர் தீர்வல்ல

கேள்வி: நாங்கள் சென்னை மடிப்பாக்கத்தில் 40 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கம்பிவலை உரத்தொட்டி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. நாற்றம் தாங்கவில்லை, புழு நெளிகிறது, அடியில் கறுப்புத் தண்ணீர் வடிகிறது. நுண்ணுயிர்ப் பவுடரைக் கூடுதலாகப் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. உணவுக் கழிவிலேயே நுண்ணுயிர்களுக்குக் குறைவில்லை. உங்கள் தொட்டியில் இல்லாதவை சருகும் காற்றும்தான். சோறும் சாம்பாரும் களிபோல் அப்பிக்கொண்டால் உள்ளே காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, அழுகிய முட்டை வாடையைக் கிளப்பும். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. அதற்கும் மருந்து சருகுதான். சுண்ணாம்பு தூவச் சொல்பவர்கள் உண்டு. தூவினால் அந்த நெடி கூடும், தழைச்சத்தும் காற்றோடு போய்விடும்.

முதலில் தொட்டியை ஒரு தார்ப்பாயில் கொட்டி, கட்டிகளை உடைத்து, அதே அளவு காய்ந்த சருகைக் கலந்துவிடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் இன்னும் சருகு சேருங்கள். தொட்டியின் அடியில் அரையடி உயரத்துக்குச் சுள்ளியும் தென்னை மட்டைத் துண்டுகளும் பரப்பிவிட்டு, கலவையைத் திரும்பப் போடுங்கள். இரண்டு வாரம், மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும்.

அதன்பின் தினமும் ஒரு வாளி கழிவுக்கு இரண்டு வாளி நொறுக்கிய சருகு. மேலே இரண்டு அங்குலம் பழைய உரமோ தென்னை நார்க்கழிவோ மூடியிருந்தால் ஈ முட்டையிடாது. குழம்பையும் ரசத்தையும் வடிகட்டிய பிறகே வாளியில் போடும்படி வீடுகளில் சொல்லிவிடுங்கள். இதைச் சொல்வது எளிது, நடக்க வைப்பதுதான் பாடு. எலும்பும் மீன் கழிவும் எலியை அழைக்கும். திறந்த தொட்டியில் வேண்டாம்.

ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். பிடிக்க முடியாதபடி சுட்டால் உள்ளே 55 டிகிரியை ஒட்டி இருக்கிறது, வேலை நடக்கிறது. புழு பழுப்பாக, தட்டையாக, தடித்து இருந்தால் அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. கழிவைத் தின்று தீர்க்கும், விட்டுவிடலாம். வெள்ளையாக, ஒரு முனை கூராக இருந்தால் பெரும்பாலும் வீட்டு ஈ. கிளறி உள்ளே தள்ளினால் அந்தச் சூட்டில் செத்துவிடும். வடியும் கறுப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் தொட்டியின் காய்ந்த பகுதியிலேயே திரும்பத் தெளியுங்கள்.

சருகு எங்கே கிடைக்கும் என்பீர்கள். மாசி, பங்குனியில் தெருவெல்லாம் கொட்டும்போதே கூட்டி, மிதித்து நொறுக்கிச் சாக்கில் கட்டி, மழை படாத இடத்தில் வையுங்கள். ஐப்பசியில் தேடினால் ஈரச்சருகுதான் கிடைக்கும். அதைப் போட்டால் பழைய நாற்றம் திரும்பிவிடும்.